கனக்கிற சட்டை

பூமியைச் சுற்றி நிற்கும் வளையக் குடியிருப்புகளில் எங்களுடையது ரொம்பப் பழசு. மெதுவாகத்தான் சுழலும். அதனால் இங்கே யாராக இருந்தாலும் பூமியில் இருந்ததில் பாதி எடைதான். வந்த புதிதில் அது கொண்டாட்டமாக இருக்கும். வருஷம் போகப் போக எலும்பு இளைத்துவிடும். பூமிக்குத் திரும்ப வேண்டுமென்றால் முதலில் சுழல் அறையில் முழு எடையோடு நின்று காட்ட வேண்டும். நிற்க முடியாதவனுக்கு ஆயுசுக்கும் இங்கேதான்.

நான் தண்ணீர்க் குழாய்களில் பாசி சுரண்டுகிறவன். என் மகள் நான் மேலே வந்த பிறகு பிறந்தவள். இன்னும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஒரு நாள் போனில் கேட்டாள்.

"அப்பா, வந்தா என்னைத் தூக்குவியா? அம்மாவால முடியலையாம். நான் குண்டாம்."

"தோள்லயே வச்சுக்குறேன்டா செல்லம்."

சொல்லிவிட்டேனே தவிர, உடற்பயிற்சி அறைப் பக்கம் போகவில்லை. வேலை முடிந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவேன். வாரம் ஒரு தடவை வெளுத்த சட்டை வாங்கப் போகும்போதுதான் மனிதக் குரல் கேட்பேன். அங்கே சலவை அக்காவும், நான் அண்ணன் என்று கூப்பிடும் அவள் வீட்டுக்காரரும் இருப்பார்கள். அவர் சுழல் அறையில் நிற்க முடியாமல் விழுந்து காலை உடைத்துக்கொண்டவர். அக்கா நினைத்தால் இறங்கியிருக்கலாம். அவருக்காக இங்கேயே இருந்துவிட்டாள்.

"எக்ஸர்சைஸ் ரூமுக்குப் போனியா?"

"நாளைக்குப் போறேங்க்கா."

"உன் நாளைக்கு எந்தக் கிரகத்துலடா விடியுது?"

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணன் சிரிப்பார்.

அப்புறம்தான் அது ஆரம்பித்தது. சட்டை கனக்க ஆரம்பித்தது. எங்கள் வேலைச் சட்டை கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டு, தடித்த துணி. ஆனாலும் கொக்கியிலிருந்து எடுக்கவே கை வலித்தது. ஏணி ஏறினால் மூச்சு வாங்கியது. டம்ளர் மட்டும் எப்போதும் போல இருந்தது. அது ஏன் என்று யோசிக்க எனக்குப் புத்தி இல்லை. எலும்பு போய்விட்டது என்றே முடிவு கட்டினேன்.

"சட்டை ஈரமாவே இருக்கிற மாதிரி கனக்குதுக்கா."

"சட்டை என்னடா பண்ணும்? உனக்கு வயசாகுது."

"நான் தேற மாட்டேன். பூமிக்குத் திரும்பறவங்க லிஸ்ட்ல இருந்து என் பேரை எடுத்துடச் சொல்லப் போறேன்."

அண்ணன் மடித்த துண்டைக் கீழே போட்டார். "டேய், போய் நில்லுடா. விழுந்தா சீட்டு ஆட எனக்கும் ஒரு ஆள் கிடைச்ச மாதிரி இருக்கும்."

போனேன். டாக்டரம்மா மெல்லிசாக ஒரு அங்கி கொடுத்தார். சட்டையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே நின்றேன். அறை சுழல ஆரம்பித்தது. கன்னம் இழுத்தது, முழங்கால் நடுங்கியது. ஆனால் மடங்கவில்லை. தெரிந்த ஆளை வரவேற்கிற மாதிரி அந்தக் கனத்தை உடம்பு வாங்கிக்கொண்டது. அறை நிற்கும் வரை நானும் நின்றேன்.

"என்ன எக்ஸர்சைஸ் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க."

"சும்மா சொல்லாதீங்க." சிரித்துக்கொண்டே என் சட்டையை எடுத்து நீட்டினார். எடுத்த வேகத்தில் கை தொங்கிப்போனது. "இதுக்குள்ள என்னங்க இருக்கு?"

தடவிப் பார்த்தேன். முதுகு, இடுப்பு, கால் ஓரம் எல்லாவற்றிலும் துணியின் இரண்டு மடிப்புக்கு நடுவே, சரக்குப் பெட்டி கட்டுகிற இரும்புப் பட்டைகள் தட்டையாக வைத்துத் தைக்கப்பட்டிருந்தன.

நேராகச் சலவைக்கு ஓடினேன்.

"தேறிட்டேன்க்கா!"

அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி, "வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா தைச்சேன்" என்றாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா போட்டிருப்பியா? கழட்டி வச்சுட்டுப் படுத்திருப்ப."

அண்ணன் தன் காலைத் தடவினார். "எனக்கும் இப்படித்தான் தைச்சா. நான் கண்டுபிடிச்சு எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாரு."

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா கத்தரியை எடுத்தாள். "கொடு, பிரிச்சுடறேன். இதோட கீழ இறங்கினா ரெண்டு மடங்கு கனக்கும்."

"கப்பல் கிளம்பற வரைக்கும் இருக்கட்டும்க்கா. என் பொண்ணு குண்டாம்."

அக்கா கத்தரியை வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

"அப்ப கழட்டு. இன்னும் ரெண்டு சேர்த்துத் தைக்கிறேன்."