எலி வளர்க்கும் மருமகள்

என் அம்மா பொய் சொல்ல மாட்டார். உண்மையைப் பாதியோடு நிறுத்திக்கொள்வார். 2008இல் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, “எம்மக ஷர்மின் பெங்களூர்ல எலி ஆராய்ச்சி பண்ணுறா” என்று உத்தமபாளையத்துக்காரர்களிடம் சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர்கள் நெல் போடுகிற குடும்பம். எலியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஆராய்ச்சிதான், அதை ஒழிப்பது.

கம்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மெகர்பான் மாமி, மாப்பிள்ளையின் அம்மா, உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“கதிரு முத்துற நேரத்துல எலி வெட்டிப்புடுதும்மா. என்ன மருந்து வைக்கலாம்?”

அவர் கையில் சீனிக் கிண்ணம். அதில் கொஞ்சம் என் வாயில் போட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. மாப்பிள்ளை ஷானவாஸை எனக்குப் பிடித்திருந்தது. என் ஆராய்ச்சியையும் பிடித்திருந்தது, அதை முடிக்க இன்னும் ஒரு வருடம் வேண்டும். இரண்டில் ஒன்று இப்போது கைநழுவப் போகிறது என்று பயமாக இருந்தது. அம்மா கண்ணாலேயே அதட்டினார். நான் கேட்கிற ஆளா?

“மாமி, நான் எலியக் கொல்லல. வளக்குறேன்.”

கிண்ணம் மடிக்கு இறங்கியது. “வளக்குறியா? தீனி போட்டா?”

“தீனி போட்டு, நீந்தவும் விட்டு.”

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் திறந்து ஒரு வீடியோவைப் போட்டேன். தொட்டி நிறைய வெள்ளைத் தண்ணீர். அதற்குள் எலியின் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மேடை; நமக்குத் தெரிய, திரையில் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தது. சுண்டெலி நீந்திப் போய் அதைக் கண்டுபிடித்து ஏற வேண்டும். மனிதர்களுக்கு மறதி நோய் தரும் மரபணுவை இந்தச் சுண்டெலிகளுக்குள் வைத்திருக்கிறோம், அதனால் நேற்று ஏறிய இடம் இன்றைக்கு மறந்துபோகும், மருந்து கொடுத்தால் ஞாபகம் திரும்புகிறதா என்று பார்க்கிறோம் என்றேன்.

திரையில் எலி சுற்றிச் சுற்றி வந்தது. மேடைக்குப் பக்கத்தில் வந்து, விட்டுவிட்டுப் போனது.

“ஏலே, இங்கன! இங்கன திரும்பு!” மாமி திரையைத் தட்டினார். கூட வந்த பெண்களும் எழுந்து நின்று கத்தினார்கள். வீட்டுக்குள் எலி வந்துவிட்டதென்று அம்மா விளக்குமாற்றோடு ஓடிவந்தார்.

எலி ஏறவில்லை. வீடியோ முடிந்துவிட்டது.

“எங்க அண்ணனும் இப்படித்தாம்மா,” என்றார் மாமி. குரல் இறங்கியிருந்தது. “பள்ளிவாசலுக்குப் போயிட்டு வந்தா, சொந்த வாசலத் தாண்டிப் போயிக்கிட்டே இருக்காக. இந்த மருந்து அவுகளுக்கு வருமா?”

“அதுக்கு ரொம்ப வருஷம் ஆகும் மாமி. வராமலே போனாலும் போகலாம்.”

அம்மாவைப் போலப் பாதியோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மாமி என்னையே பார்த்தார். பிறகு சீனியைக் கை நிறைய அள்ளி என் வாயில் திணித்தார்.

“வயக்காட்டு எலிய எம்மகன் பாத்துக்குவான். கல்யாணம் அடுத்த வருஷம். நீ போயி அதக் கரையேத்து, போ.”

வாய் நிறையச் சீனி. தலையை மட்டும் ஆட்டினேன்.