உரக்கப் படித்த எண்

சிமெண்ட் அப்பிய விரலுக்குப் போன் திரை மசியாது. அதனால் அந்தக் கட்டடத்தில் வேலை செய்த பெண்கள் போன்களைப் பாலித்தீன் பையில் போட்டுச் சாரக்கம்பில் மாட்டியிருந்தார்கள். அழைப்பு வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கத்திப் பேசுவார்கள். செய்தி வந்தால் படித்துச் சொல்வது, ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணின் பொறுப்பு. அவளுக்குப் படிக்கத் தெரியும்; தொண்டையும் பெரிது. மாடியில் பூசுகிறவனுக்கும் கேட்கும். யார் வீட்டு ரகசியமும் அங்கே ரகசியமாக இருந்ததில்லை. அதனால் யாரும் கெட்டதும் இல்லை.

சின்னக்காவின் போன் அடித்தபோது அவள் தலையில் கலவைச் சட்டி இருந்தது.

"யாருன்னு பாருடி ரேடியோ. ஆஸ்பத்திரியா இருக்கும்."

ஆஸ்பத்திரியில் அவள் புருஷன் கிடந்தான். சாரத்திலிருந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்திருந்தது. எலும்புக்குள் வைக்கும் கம்பிக்கு மாலைக்குள் பணம் கட்ட வேண்டும். பணம் பேங்கில் இருந்தது. காலையில் தெருமுனைக் கடையில் ரேகை வைத்து எடுக்கப் போனாள். மிஷின் அவள் கட்டைவிரலை ஏற்கவில்லை. "மத்தியானம் பேங்குக்கே போம்மா" என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். அரைநாள் கூலியை ஏன் விட வேண்டும் என்று வேலைக்கு வந்திருந்தாள்.

"அம்மா, பேங்க்லேர்ந்து பேசறேன்" என்றது பையிலிருந்து ஒரு குரல். "உங்க கைரேகை பதியலைதானே?"

சின்னக்கா சட்டியை இறக்கி வைத்தாள். பேங்க் ஆளாக இல்லாவிட்டால் இது எப்படித் தெரியும்? சிமெண்டில் கை வைக்கிற எல்லோருக்கும் ரேகை தேய்ந்துதான் போயிருக்கிறது, அங்கே யாரைக் கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

"ஆமா சார்! காலையிலதான் சார்!"

"உங்க கணக்கை இன்னைக்கு முடக்கப் போறாங்க. இப்பவே சரி பண்ணிடலாம். கார்டு இருக்கா?"

வாங்கிய நாளிலிருந்து வெளியே எடுக்காத கார்டைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்து ரேடியோவிடம் கொடுத்தாள். ரேடியோ முன்னும் பின்னும் திருப்பி எல்லாவற்றையும் படித்தாள். உடனே ஒரு செய்தி வந்தது.

"அதுல ஒரு எண் இருக்கும், சத்தமா சொல்லுங்க. மிஷின் இரைச்சல்ல கேக்கலை."

"என் குரலே கேக்கலையா? அப்ப உங்க காதைத்தான் சார் ரிப்பேர் பண்ணணும்!"

கொத்தனார் சிரித்துக்கொண்டே கலவை மிஷினை நிறுத்தினார். அந்த அமைதியில் எண் மொட்டை மாடிவரை போனது.

அடுத்த செய்தி வந்தது. ரேடியோ வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"என்னடி?"

"பணம் போயிருக்குக்கா. பாதி." கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்து அங்கே யாரும் கேட்டதில்லை.

"பயப்படாதீங்கம்மா" என்றது குரல். "சோதனைக்கு எடுத்தது. இப்ப இன்னொரு எண் வரும். அதைச் சொன்னா திரும்பி வந்துடும்."

வந்தது.

"படிச்சுடுடி" என்றாள் சின்னக்கா.

"வேண்டாம்க்கா."

"திரும்பி வரும்ங்கறாரே!"

"கொடுக்கறவன் ஏன் எடுக்கறான்?" என்று கொத்தனார் ஓடி வந்தார். "கட் பண்ணு தாயி!"

"பக்கத்துல இருக்கறவன் பேச்சைக் கேக்காத" என்றது குரல். மரியாதை போய்விட்டது. "சொல்லலைன்னா மிச்சமும் போயிடும். சீக்கிரம் சொல்லு."

சின்னக்கா பையோடு சேர்த்துத் திரையை அழுத்தினாள். அணையவில்லை. கையைச் சேலையில் தேய்த்துவிட்டு மறுபடி அழுத்தினாள். குரல் நின்றது.

கார்டின் பின்னால் அச்சடித்திருந்த பேங்க் எண்ணைக் கொத்தனார் அழுத்தினார். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஏதோ மிஷின் சாவகாசமாகப் பேசியது. நடுநடுவே அந்த மோசக்காரன் அழைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு பெண் லைனில் வந்து பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டாள். ரேடியோ சொல்ல வாயெடுத்தாள். சின்னக்கா அவள் வாயைப் பொத்தினாள்.

"இவ மட்டும் நிஜமான்னு எப்படித் தெரியும்?"

"இப்ப நாமதானே கூப்பிட்டோம்? கார்டுல இருக்கற நம்பர். சொல்லு" என்றார் கொத்தனார்.

சின்னக்கா ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்து, சுவர்ப்பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள். கார்டை முடக்கிவிட்டார்கள். மிச்சம் தப்பியது. போனதற்குப் போலீஸில் புகார் கொடுக்கச் சொன்னாள் அந்தப் பெண்; கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றாள்.

வைத்த உடனே போன் அடித்தது. புது எண்.

"எடுக்கவாக்கா?"

"வேண்டாம்."

"ஆஸ்பத்திரியா இருந்தா?"

"அவனும் ஆஸ்பத்திரின்னுதான்டி சொல்லுவான்."

நின்றது. மறுபடி அடித்தது. அவனாக இருக்கலாம். புருஷனுக்கு ஏதாவது ஆகி நர்ஸ் அழைப்பதாகவும் இருக்கலாம். சின்னக்கா கைகூடக் கழுவவில்லை. பேங்குக்குப் போய் இருப்பதை வாங்கி, பாதிப் பணத்தோடு டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். இடுப்பில் செருகிய போன் அதிர்ந்துகொண்டே இருக்க, அதை எடுக்காமல் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகத் தெருவில் இறங்கினாள்.