தள்ளிவிட்ட மிச்சம்

வீட்டில் அவளுக்குத் தராசு என்று பெயர். டீயா காப்பியா என்று கேட்டால்கூட நிறுத்துப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். பகலில் லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் எடைக் கணக்குப் போடும் வேலை, மாலையில் வகுப்பு. பரீட்சை முடிந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டது. இன்று ஐந்து மணிக்குள் பொறியியல் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பம் அனுப்பியாக வேண்டும்.

மாலை வகுப்பில் படித்தவர்கள் ஒரே ஒரு பிரிவைத்தான் கேட்கலாம் என்பது விதி. அவள் ஆசைப்பட்டது மின்னியல். போன வருடம் அதில் கடைசி இடம் பிடித்தவரின் கட்ஆஃப் இருநூறுக்கு நூற்று எழுபத்தாறு. கட்டடப் பிரிவுக்கு நூற்று எழுபதே போதுமாக இருந்தது. குறி தப்பினால் ஒரு வருடம் வீண்.

கணக்கை நூறுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் மாற்றிக் கூட்ட வேண்டும். மொழிப் பாடத்தில் அவள் வகுப்பிலேயே முதல். இங்கே அது செல்லாக் காசு. நூற்றிருபதுக்கு அவள் வாங்கியது கணக்கில் 107, இயற்பியலில் 103, வேதியியலில் 106. மாற்றியபோது 89, 42, 44 என்று வந்தது. கூட்டினால் 175.

"கட்டடமே போட்டுடறேன் அண்ணி," என்றாள்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு வருஷமா கரண்டு கரண்டுன்னு எங்க உசுர வாங்கினவ, இப்ப செங்கல்லுக்கு வாக்கப்படப் போறியா?"

"ஆசை இருந்து என்ன பண்றது? கணக்கு ஒத்துக்கலையே."

"அப்ப அனுப்பித் தொலை. மீனைப் பாக்குற பூனை மாதிரி எவ்வளவு நேரமாத்தான் அந்தப் பட்டனையே பாத்துக்கிட்டு இருப்ப?"

எந்தக் கணக்கையும் இன்னொரு வழியில் போட்டுப் பார்க்காமல் அவளுக்குக் கை ஓடாது. இந்தமுறை முதலில் கூட்டினாள். கணக்கின் மதிப்பெண்ணை இரட்டித்து, மற்ற இரண்டையும் சேர்த்தால் 480-க்கு 423. அதை ஒரேயடியாக இருநூறுக்கு மாற்றினாள். வந்தது 176.25.

தப்பு எங்கே என்று தேடினாள். முதல் கணக்கில் மூன்று பாடத்திலும் புள்ளிக்குப் பின்னால் இருந்ததைத் தள்ளிவிட்டிருந்தாள். இயற்பியலில் மட்டும் ஏறக்குறைய ஒரு முழு மதிப்பெண். கம்பெனியில் கயிறு தாங்கும் எடையை எப்போதும் இறக்கித்தான் எழுதுவார்கள். தள்ளிய மிச்சம் ஆளின் உயிருக்குக் காவல். பழகிய கை வீட்டிலும் அதையே செய்திருக்கிறது. விதிமுறையைத் திறந்து பார்த்தாள். கடைசிக் கூட்டுத்தொகையில் மட்டும், அதுவும் இரண்டு தசமத்துக்குப் பின்னால் இருப்பதைத்தான் தள்ள வேண்டும் என்றிருந்தது.

விஷயத்தைக் கேட்ட அண்ணி மடித்த சட்டையை மடியிலேயே போட்டுக்கொண்டு சிரித்தாள். "உன் மார்க்கைப் புடிச்சு யாரு தொங்கப் போறாங்கன்னு இப்படிக் குறைச்ச?"

"கால் மார்க்குதான் அண்ணி மேல நிக்குது. இந்த வருஷம் கட்ஆஃப் ஏறிடுச்சுன்னா?"

"ஏறலாம். இறங்கவும் இறங்கலாம். உன் ஆசையையும் இறக்கியே எழுதுவியா?"

தராசு விண்ணப்பத்துக்குத் திரும்பினாள். கட்டடத்தை அழித்துவிட்டு மின்னியலைத் தேர்ந்தெடுத்தாள். பட்டனை அழுத்தினாள்.

பட்டியல் வெளியான அன்று வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபோனை அண்ணியிடம் நீட்டினாள். மின்னியல் பட்டியலை அண்ணி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். கடைசி வரியில்தான் அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் 176.25.

"அடிப்பாவி, கடைசி ஆளா?"

"ஆமா. லிஃப்ட்டுல பாரம் கூடிட்டா மணி அடிக்கும் அண்ணி. கடைசியா ஏறினவங்கதான் இறங்கணும்."

"அடிச்சுதா?"

"இல்ல," என்றாள் தராசு, செருப்பைக் கழற்றியபடி. "கதவு மூடிடுச்சு."

டீயா காப்பியா என்று அண்ணி கேட்டாள். காப்பி என்று உடனே பதில் வந்தது.