வலது இறக்கையைச் சொன்னவர்

பொன்னுத்தாயைத் தவசிமணி கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்துப்பூச்சிக் கூட்டுக்கு அதன் இடது இறக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பால் பொங்குகிறதென்று எழுந்து போன தன் மனைவி அடுப்படியிலேயே விழுந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்த ஊர் அந்துப்பூச்சிகள் அப்படித்தான். ஆவணியில் முட்டை பொரிந்து, கறிவேப்பிலையைத் தின்று தீர்க்கும் புழு, புரட்டாசியில் வீட்டுக்குள் வந்து கூடு கட்டும். உள்ளே இருட்டு, தன் நிறம் அதற்குத் தெரியாது. வீட்டார்தான் சொல்ல வேண்டும். இரண்டு இறக்கைக்கும் ஒன்றையே சொன்னால் ஐப்பசி மழையில் பறக்கும். வாய் கிடையாது, ஒரு வாரம் பறந்து முட்டையிட்டு முடிந்துபோகும். ஒன்றுக்கொன்று நிறம் மாறிவிட்டால் கூட்டுக்குள்ளேயே செத்துவிடும்.

காரியம் முடிந்ததும் பக்கத்து வீட்டு லூர்து வந்தாள்.

“அண்ணாச்சி, கூட்டைப் பூச்சிப் பூங்காவுல குடுத்துருங்க. அங்க சம்பளத்துக்குச் சொல்லுதாங்க.”

“அவனுவ எல்லாத்துக்கும் பழுப்புன்னுதான் சொல்லுதானுவ. இதுக்கு நான் சொல்லுதேன்.”

“மதினி பேசுனது என்னைக்கு உங்க காதுல விழுந்திருக்கு?”

அது நியாயமான கேள்வி. அவர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வலது இறக்கைக்கு மாதுளந்தோல் என்றார், கூடு ஆடியது. தப்பு. காய்ந்த மருதாணி என்றார், அசையாமல் இருந்தது. வறுத்த மல்லி, புளி போட்டுத் தேய்த்த பித்தளை என்று மேலே போனார். தொண்டை கட்டியது. சுக்குத்தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். இறக்கை நடுவில் கண் போன்ற வட்டம் ஒன்று உண்டு. அதற்கு வீட்டிலுள்ள அத்தனை பொருளையும் சொல்லிப் பார்த்தார். கூடு ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் பூ விழுந்த தன் கண்ணைச் சொன்னார். அடங்கியது.

விளிம்புக்குச் சிவப்பு என்றார், ஆடவில்லை. நீலம் என்றார், அதற்கும் ஆடவில்லை. அவள் சொல்லி விளிம்புவரை வந்திருக்கவில்லை. இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“விளிம்பு இல்லாம எப்படி அண்ணாச்சி? எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியாண்டாமா?”

“அவ சொல்லாதத நான் சொல்ல மாட்டேன், லூர்து.”

ஐப்பசி முதல் மழையன்று அது வெளியே வந்தது. இறக்கைகள் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. முடிகிற இடம் மட்டும் இல்லை. ஜன்னல் கம்பி, சுவர், அஞ்சறைப்பெட்டி எல்லாவற்றிலும் இறக்கையின் மருதாணி நிறம் படர்ந்துகொண்டே போனது. தவசிமணி முக்காலியை நகர்த்தி வழிவிட்டார். அது பறந்தபோது ஜன்னலும் சுவரும் பெட்டியும் கூடவே போயின.

இப்போது அந்த வீட்டில் கூடமும், சமையலறையில் அடுப்பு இருக்கும் பாதியும் இருக்கின்றன.