பதினோரு பொட்டு

எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. தராசை நம்ப மாட்டேன், தராசு பிடிப்பவனையும் நம்ப மாட்டேன். பால்காரர் பால் ஊற்றும்போது அளவைக்குள் அவர் விரல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். "உனுக்குப் பச்சையப்பன்னு பேரு வச்சது தப்பு, போலீஸப்பன்னு வச்சிருக்கணும்" என்பாள் என் பெண்டாட்டி சுமலதா. சொல்லிவிட்டுப் போகட்டும். ஏமாந்தவன் என்று ஊரில் ஒருத்தனும் என்னைச் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட நான்தான் ஒரு பழைய அலுமினிய மோட்டார் படகை வாங்கினேன். நாங்கள் நெல் போடுகிறவர்கள். எங்கள் வகையறாவில் படகு வைத்திருந்தவர் யாருமில்லை. எனக்கும் அதில் ஆசை கிடையாது. சுமலதாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்களும் வியாழனும் பொன்னேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் உயிர். எங்கள் ஊருக்கும் பொன்னேரி ரோட்டுக்கும் நடுவில் ஆரணியாறு. அதன்மேல் ஒரு தரைப்பாலம். ஆந்திரா பக்கம் நல்ல மழை பெய்தால் பாலம் மூழ்கிவிடும்.

போன வருஷம் ஆறு நாள் மூழ்கிக் கிடந்தது. இரண்டு முறை டயாலிசிஸ் தவறிவிட்டது. அவள் முகம் அதிரசம் போல உப்பி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறாம் நாள் தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் வந்து ஏற்றிப் போனார்கள். இன்னொரு நாள் ஆகியிருந்தால் என்ன என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த மழைக்கு என் வாசலில் படகு நிற்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டி சந்திரமோகன் என்பவர் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். உடைந்த பீரோக்களுக்கு நடுவில் அது கவிழ்ந்து கிடந்தது. பதினாலு அடி. ஏதோ ஏரியில் ஆபீசர்கள் சுற்றிப் பார்க்க வைத்திருந்ததாம். "ஒரு பொட்டுத் தண்ணி உள்ள வராது நைனா, என்னை நம்பு" என்றார். அவர் சொன்ன வேகத்திலேயே தண்ணீர் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வேறு படகு எங்கே இருக்கிறது? வாங்கினேன்.

மோட்டாரைப் பழவேற்காட்டில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு சொத்தையை மாட்டிவிடுவானோ என்று ஒவ்வொரு போல்ட்டையும் போனில் போட்டோ எடுத்தேன். "அண்ணே, நான் மோட்டார கழட்டுறேனா, இல்ல மணவறையில உக்காந்துகினு இருக்கேனா? இத்தினி போட்டோ இன்னாத்துக்கு?" என்று கேட்டான். நான் சிரிக்கவில்லை. அடுத்த போல்ட்டை எடுத்தேன்.

படகை வாசலில் சிமெண்ட் கல் மேல் நிமிர்த்தி நிறுத்தி, ஒரு மாதம் பெயின்ட் சுரண்டினேன். அலுமினியத்தில் இரும்பு படக்கூடாது என்று போனில் ஒருத்தர் சொன்னார். அவரையும் நம்பாமல் இன்னும் நாலு பேர் சொன்ன பிறகு மரத்துண்டை எடுத்துச் சுரண்டினேன். மூன்று கை பெயின்ட்டுக்கும் அதற்கடியில் யாரோ அப்பியிருந்த தாருக்கும் கீழே வரிசை வரிசையாக ரிவெட் ஆணிகள் தெரிந்தன. நானூறுக்குக் குறையாது. அதில் எது ஆட்டம் கண்டது, எது நல்லது என்று பார்த்தால் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே கெட்டியாகப் பெயின்ட் அடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

வேறு யாராக இருந்தாலும் என் தம்பி துளசிராமனைக் கேட்டிருப்பார்கள். மூன்று தெரு தள்ளி இருக்கிறான். சிப்காட்டில் டேங்க் செய்கிற கம்பெனியில் பதினெட்டு வருஷமாக பிட்டர். எண்ணெய் டேங்கிலிருந்து ஒரு சொட்டு கசியாமல் பார்ப்பதுதான் அவன் வேலையே. ஆனால் நிலம் பிரித்த பிறகு எங்கள் வரப்பு ஒவ்வொரு வருஷமும் என் பக்கமாக ஒரு விரல் நகர்கிறது என்பது என் எண்ணம். இன்றைக்கு ஒரு ஆணி அடிப்பான், நாளைக்குப் படகில் பாதி என்பான்.

அவனாகவே ஒருநாள் வந்தான். படகைத் தட்டிப் பார்த்தான். "அண்ணாத்த, பெயின்ட் அடிச்சிடாத. மொதல்ல டெஸ்ட் பண்ணணும். உனுக்கு இது தெரியாது" என்றான்.

"எனுக்குத் தெரியாதா? நீ உன் ஊட்டு வேலையப் பாரு."

அவன் போனதும் சுமலதாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "என் கை தவுர எவன் கையும் இதுல படக்கூடாது." அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் அவள்.

செவ்வாய்க்கிழமை வயலுக்குப் போய் வந்து பார்த்தால், படகுக்கு அடியில் நான் வைத்த கல் நாலு, இப்போது எட்டு இருந்தது. யாரோ குறுக்கே முட்டுக் கொடுத்திருந்தார்கள். கல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற திருடன் உண்டா? தூக்கிப் போக ஆள் சேர்க்கிறவன் முதலில் எடை பார்ப்பான், அதற்காகத்தான் இது என்று முடிவு கட்டினேன். மறுநாள் இரண்டு தடவை வயலிலிருந்து பாதியில் ஓடி வந்து பார்த்தேன். ஒருத்தரும் இல்லை.

வெள்ளிக்கிழமை பெயின்ட் வாங்க ஊத்துக்கோட்டைக்குப் போனேன். அமாவாசைக்கு மறுநாள். மதியம் திரும்பி வந்தால், வானத்தில் ஒரு மேகம் இல்லை, படகுக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறது. குனிந்து அடியில் பார்த்தேன். முன்னாலிருந்து பின்னால்வரை சாம்பல் பூசியிருந்தது. சாம்பல் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குங்குமப் பொட்டு. நனைந்து, ரத்தம் போல வழிந்திருந்தது.

சாம்பல் என்றால் எந்தச் சாம்பல்? போன வாரம்தான் எங்கள் தெருவில் ஒரு சாவு. சுடுகாட்டுச் சாம்பலும் குங்குமமும், அமாவாசைக்கு மறுநாள், என் பெண்டாட்டி ஏறப்போகிற படகில். இதற்குச் செய்வினை என்று பெயர் இல்லாமல் வேறு என்ன?

சுமலதா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னால் பயத்தில் பிரஷர் ஏறிவிடும் என்று எழுப்பவில்லை. படகின் அடைப்பானைப் பிடுங்கி உள்ளே இருந்த தண்ணீரை வெளியே விட்டேன். சோப்புத்தூளைக் கொட்டி, தேங்காய் நாரால் ஒரு மணி நேரம் தேய்த்தேன். கோமியம் தெளித்தேன். எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாலு திக்கிலும் எறிந்தேன். அப்புறம் அந்தக் கையோடு துளசிராமன் வீட்டுக்குப் போனேன். நான் போன வேகத்தைப் பார்த்தே தெருவில் பாதி ஜனம் வாசலுக்கு வந்துவிட்டது.

அவன் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் குழம்புக் கரண்டியோடு அவன் பெண்டாட்டி ரம்யா.

"ஏண்டா, வரப்பு பத்தலன்னு என் பொண்டாட்டி உசிரு கேக்குதா உனுக்கு? படகுல சாம்பல வச்சிட்டு வந்து சோறு துன்றியா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கப் பார்த்தான். "அண்ணாத்த, அது உன் ஊட்டு வெந்நீர் அடுப்புச் சாம்பல். நீ போய் அண்ணியக் கேளு."

"அவள இழுக்காத. அவ சாவணும்னு மை வச்சவன் நீ. உன் வம்சமே வெளங்காது."

சொன்னது காதில் விழுந்ததும் எனக்கே என்னவோ போல் இருந்தது. அவனுக்கு ஒரே ஒரு பெண், பள்ளிப்பட்டில் கட்டிக் கொடுத்து, இப்போது ஏழு மாசம் முழுகாமல் இருக்கிறாள். ரம்யா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். துளசிராமன் பாதிச் சோற்றில் கை கழுவினான். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது சுமலதா வாசலில் நின்று படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத யாரு கழுவினது?" என்றாள்.

"நான்தான். ஒண்ணும் பயப்படாத, எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன்."

"அடப்பாவி மனுசா" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். துளசிக்குப் போன் போட்டதே அவள்தானாம். செவ்வாய்க்கிழமை வந்து தண்ணீர் பாரம் தாங்குவதற்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். இன்றைக்கு ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்து, அடியில் சாம்பலைப் பூசிக் காயவிட்டு, படகுக்குள் அரை முழத்துக்குத் தண்ணீர் நிரப்பினான். எங்கே கசிகிறதோ அங்கே சாம்பல் கறுத்துக் காட்டும். மார்க்கர் ஈரத்தில் எழுதவில்லை. இவள்தான் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தாள்.

"பதினோரு எடம். தம்பி காட்டக் காட்ட நான்தான் பொட்டு வச்சேன். ஞாயித்துக்கெழம வந்து அத்தினியும் அடைச்சித் தரேன்னு சொன்னான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ உட்டிருப்பியா? அவன் கை வச்சா பாதி பங்கு கேப்பான்னு சொல்ற ஆளு நீ. எனுக்கு மூச்சு வேணும்யா. பங்கு யாருக்குப் போனா எனுக்கு இன்னா?"

குனிந்து அடியைப் பார்த்தேன். தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் போலப் பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டு இல்லை.

திரும்பப் பூசிப் பார்க்கலாம் என்றால், அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை விடவில்லை. அடிப்பக்கம் முழுக்க ஈரம் வழியும்போது எந்தச் சாம்பல் எதைக் காட்டும்? ஞாயிற்றுக்கிழமை மதியம் பாலத்தின்மேல் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. இருட்டுவதற்குள் பாலமே தெரியவில்லை. துளசி வீட்டுக்குப் போனேன். ஷிப்டுக்குப் போய்விட்டான் என்று ரம்யா ஜன்னல் வழியாகவே சொன்னாள். பைக் உள்ளேதான் நின்றது. பொய்யைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நாற்பது வருஷப் பழக்கம், ஆனால் முதல் தடவையாக ஒரு பொய்யைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை விடிந்தபோது சுமலதாவின் முகம் உப்ப ஆரம்பித்திருந்தது. ஓட்டையோ ஒடசலோ தள்ளிவிடலாம் என்று படகின் முன்பக்கத்தைப் பிடித்தேன். வாசலில் பைக் சத்தம் கேட்டது. மழைக்கோட்டும் கையில் ஒரு பையுமாகத் துளசிராமன். என்னைத் தாண்டிப் போய் அவளிடம் நின்றான்.

"அண்ணி, நீ பொட்டு எங்கெங்க வச்சன்னு ஞாபகம் இருக்கா உனுக்கு?"

அவள் குடையை என் கையில் கொடுத்துவிட்டுப் படகின் அடியில் மெல்லக் குந்தினாள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டித் தடவினாள். "இங்க ஒண்ணு. இதுக்கு நாலு விரல் தள்ளி ஒண்ணு. இந்த ஓரத்துல ரெண்டு, பக்கத்துப் பக்கத்துல." அவள் விரல் நின்ற இடத்தில் எல்லாம் அவன் துணியால் துடைத்து, ஈரத்திலும் ஒட்டுகிற எபாக்ஸி மாவைப் பிசைந்து அழுத்தினான். ஒன்பது இடம் சொன்னாள். மீதி இரண்டு எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அழுதுவிட்டாள். "பரவால்ல அண்ணி, ரெண்டுதான, எறைச்சிக்கலாம்" என்றான்.

தெருக்காரர்கள் நாலு பேர் பிடித்து ஆற்றில் இறக்கினார்கள். சுமலதாவின் இடுப்பில் லாரி டியூபைக் கட்டி நடுவில் உட்கார வைத்தோம். நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

"நீங்க மோட்டாரப் பாருங்க" என்றான் துளசி.

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றே பேசியவன் அவன். எனக்குப் பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

மோட்டார் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. ஆற்றின் இழுப்பு எங்களைக் கிழக்கே தள்ளியது, நான் முகப்பை மேற்கே திருப்பிச் சாய்வாக ஓட்டினேன். நடு ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. துளசி நிமிராமல் சொம்பால் இறைத்துக்கொண்டே இருந்தான். சுமலதா ஒரு கையால் படகின் விளிம்பையும், இன்னொரு கையால் அவன் தோளையும் பிடித்திருந்தாள். எனக்கு இருந்த பயத்தில் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அதில் ஒரு சாமி மேலும் சந்தேகம் வரவில்லை.

அக்கரையில் ஆட்டோ காத்திருந்தது. அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். நேரத்துக்குப் போய்விடலாம் என்று டிரைவர் சொன்னார். துளசி கரையில் நின்று மழைக்கோட்டைப் பிழிந்துகொண்டிருந்தான். கிட்டே போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"டேய் துளசி" என்றேன். "வியாழக்கெழம திரும்ப வரணும். நீ வருவியாடா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். கோபம் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். கோபம் இல்லை.

"வரேங்க" என்றான். "அண்ணிக்கு எப்பெப்ப தேவைப்படுதோ, அப்பெல்லாம் கூப்பிடுங்க. கண்டிப்பா வரேங்க."