கூப்பிட்டால் வரும் ஆடு

தேவிப்ரியா டேப்லெட்டில் வரைந்த வெள்ளாடு பவுர்ணமிக்கு மறுநாள் புழுக்கை போட்டது. அடி அண்ணாமலையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடென்றால் போடத்தானே செய்யும். அவள் அம்மா ஆராயி அதைக் கூட்டி ரோஜாத் தொட்டியில் போட்டாள், செடி நன்றாகப் பூத்தது. ஒரு புல்வெளி, கொம்பு உடைந்த ஒரு கருப்பு ஆடு, மூலையில் தேவிப்ரியாவின் பெயர். இவ்வளவுதான் படம். அவள் இணையத்தில் போட்டதும் ஊரே அதைச் செல்போன் முகப்பில் வைத்துக்கொண்டது. அடுத்த மாதம் டேப்லெட் பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து சுக்குநூறானது.

அதற்காகவே காத்திருந்ததுபோல, சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனி அவள் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டது. டிஜிட்டல் ஓவியங்களுக்கு அசல் முத்திரை தரும் நிறுவனம் ஒன்று பக்கத்திலுள்ள வேங்கிக்காலில் கிளை திறந்திருந்தது. அது கம்பெனிக்கு முத்திரையும் தந்தது. போதாததற்கு, தேவிப்ரியாதான் தங்கள் படத்தைப் பார்த்து வரைந்தாள் என்று கம்பெனி புகாரும் கொடுத்தது.

முத்திரை அதிகாரி சகாதேவன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷன்தான், மெஷின் சொன்னால் மட்டும் நம்புவார். அவர் அறைச் சுவரில், பெரிய திரையில், அந்த ஆடு கம்பெனி பெயரோடு நின்றது.

“முதல்ல வரைஞ்ச ஃபைல் எங்கம்மா?”

“டேப்லெட்டோட போச்சு சார்.”

“அப்ப காப்பி அடிச்சேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடும்மா. கேஸ் போட மாட்டாங்க.”

“கைய வெட்டினாலும் போட மாட்டேன் சார். என் ஆட்ட எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் என்னத் தெரியாதா?”

சொல்லிவிட்டு, மேய்ச்சல் முடிந்து ஆட்டைப் பட்டிக்குக் கூப்பிடும் குரலில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். திரையிலிருந்த ஆடு தலையைத் தூக்கியது. கம்பெனி பெயரை மிதித்துக்கொண்டு விளிம்புவரை வந்து, சகாதேவனின் மேஜைமேல் குதித்து இறங்கி, அவள் முழங்காலில் மூக்கை உரசியது. அந்த நிமிஷத்திலிருந்து ஊரின் எல்லா செல்போன்களிலும் வெறும் புல்வெளிதான் இருந்தது. சகாதேவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அவள் பெயருக்கே புதிய சான்றிதழ் அச்செடுத்து நீட்டினார்.

“வேணாம் சார். எது அசல்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?”

ஆட்டுக்கு அந்த ரோஷமெல்லாம் இல்லை. காகிதத்தை முத்திரையோடு தின்றுவிட்டது.

ஊர் திரும்பும்போது ஷேர் ஆட்டோக்காரர் ஆட்டுக்கும் சேர்த்துச் சார்ஜ் வாங்கினார். கம்பெனிக்காரர்கள் திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வரவேற்பறையில் அசல் முத்திரை குத்திய வெறும் புல்வெளி இன்னும் மாட்டியிருக்கிறது. தேவிப்ரியா, சந்தைக்குப் போகும் ஆடுகளுக்கு அடையாளச் சாயம் பூசுவதுபோல, ஆட்டின் விலாவில் தன் பெயரைச் சிவப்பில் கொட்டை எழுத்தாக எழுதிவிட்டாள். அது கிரிவலப் பாதையின் நடுவில் படுத்து அசை போடுகிறது. பவுர்ணமிக் கூட்டம் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, சுற்றிக்கொண்டு போகிறது.