வெளியே நிற்பவன் சொல்ல வேண்டும்

நான் குடியிருக்கும் வண்டியில் நகரும் சுவர் கிடையாது. நான்கு சுவர், நான்கும் வைத்த இடத்திலேயே நிற்கும். கெட்டுப்போக எதுவும் இல்லாததால் என் பொழுதெல்லாம் மற்றவர்கள் வண்டிக்கு அடியில்தான் போகிறது. பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவள் நான். குளிர்காலத்துக்கு இந்த அரிசோனாப் பாலைவனத்தில் வந்து தங்குகிற வடக்கத்திக் கிழடுகளுக்கு அது தெரிந்துபோனதுதான் வம்பாகிவிட்டது. "ரோண்டா" என்று ஒரு குரல் வந்தால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போவேன், முணுமுணுத்துக்கொண்டேதான்.

பக்கத்தில் நின்ற ஆர்லனும் அவன் மனைவி வெர்னாவும் வைத்திருந்தது பெரிய வண்டி. நிறுத்திவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவர், சோபாவையும் சாப்பாட்டு மேஜையையும் சுமந்துகொண்டு, மேஜை டிராயர் மாதிரி வெளியே வரும். ஸ்லைடு என்போம். அது வெளியே வந்தால் வண்டி வீடாகும். உள்ளே இருந்தால் இரண்டு பேர் ஒதுங்க முடியாத சந்து.

அதை வெளியே விடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் உள்ளே பொத்தானில் விரலோடு நிற்க வேண்டும், ஒருவர் வெளியே. வழியில் மரமோ குழாயோ தூங்குகிற நாயோ இல்லை என்று பார்த்து வெளியே நிற்பவர் குரல் கொடுப்பார். குரல் வராமல் யாரும் பொத்தானைத் தொட மாட்டார்கள். அவசரப்பட்டு அழுத்தித் தன் மைத்துனனை மரத்தோடு சேர்த்து நசுக்கியவனின் கதையை இங்கே எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறார்கள். வெர்னா உள்ளேயிருந்து, "இடம் இருக்கா?" என்று கத்துவாள். "இருக்கு, வா வா வா" என்பான் ஆர்லன். சுவர் வந்து நின்றதும் அவன் வெளியே இரண்டு தட்டு தட்டுவான். உள்ளேயிருந்து அவளும் இரண்டு தட்டுவாள். அது அவர்களுடைய சொந்த வழக்கம்.

இந்தக் குளிர்காலம்தான் கடைசி என்று வெர்னா வந்த முதல் வாரமே சொல்லிவிட்டாள். சாயங்காலம் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நெருப்பைச் சுற்றி உட்காருவோம். அங்கேதான், பீன்ஸ் சில்லிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏப்ரல்ல வடக்க டுலூத்துக்குப் போறேன். பேக்கரிக்கு மேல ஒரு சின்ன வீடு பாத்திருக்கேன். ஆர்லன் வரல."

"சண்டையா?" என்றேன். நாசூக்காகக் கேட்க எனக்கு வராது.

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. இவன் ரோட்டுல இருக்கற போர்டு அத்தனையும் சத்தமா படிக்கிறான், ரோண்டா. 'மான் குறுக்கே வரும்.' 'பல் டாக்டர், வலது பக்கம்.' 'இந்தப் பாலத்தில் மீன் பிடிக்காதே.' அலாஸ்காவுலேர்ந்து ஃப்ளோரிடா வரைக்கும் படிச்சான். எனக்கும் படிக்கத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லனும் சிரித்தான். சிரித்துவிட்டு, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், கையிலிருந்த பீர் டப்பாவைத் திருப்பி, "குளிர வைத்துப் பருகவும்" என்று படித்தான். வெர்னா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்குப் படுக்கை சோபாவில்தான்.

ஜனவரியில் ஒரு நாள் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய, சுவரை உள்ளே இழுத்துக்கொண்டு ஊருக்குப் போய் வந்தார்கள். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினால் ஒரு முனகல், கருகிய நாற்றம், அவ்வளவுதான். நான் அடியில் போய்ப் பார்த்தேன். மோட்டார் எரிந்து, அதோடு ஒட்டியிருந்த பற்சக்கரமும் மழுங்கியிருந்தது. கைப்பிடி போட்டுச் சுற்றினால் அது பாட்டுக்குச் சும்மா சுற்றியது.

"நாலு பேர் உள்ள நின்னு தள்ளினா வெளிய வந்துரும்" என்றேன்.

"வேண்டாம், கோணிக்கிட்டு பாதியில நின்னுரும். புது மோட்டாரே வரட்டும்" என்றான் ஆர்லன்.

நியாயமான பேச்சுதான். சொல்லும்போது அவன் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருப்பேன். சுவர் உள்ளே இருந்தால் சோபா சமையல் மேடையை முட்டாத குறையாக நிற்கும், விரிக்க முடியாது. மிச்சமிருப்பது ஒரே கட்டில்.

அதற்குப் பிறகு நடந்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன், பார்க்காமல் இருக்க வழியில்லை. ஒருவர் கடந்து போக வேண்டுமென்றால் இன்னொருவர் சமையல் மேடைமேல் ஏறி உட்கார வேண்டும். வெர்னாவின் இடுப்பெல்லாம் மேடை விளிம்பு பட்டுக் கன்றிப்போயிற்றாம். இரண்டு பேரும் நின்றுகொண்டே அப்பம் தின்றார்கள். ஒரு நாள் காலை அவள் காப்பிக் கோப்பையோடு வர, அவன் மேடைமேல் ஏறி உட்கார்ந்து ஹோட்டல் வாசற்காரன் மாதிரித் தலைகுனிந்து கையை நீட்டி வழிவிட்டான். வெர்னா சிரித்தாள். நெருப்பைச் சுற்றி உட்காரும்போது சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

மோட்டார் ஊருக்குள் எங்கள் தபாலை வாங்கி வைக்கிற கடைக்கு வரவேண்டும். வந்துவிட்டது என்றதும் ஆர்லனை நான்தான் கூட்டிப் போனேன். திரும்பும்போது மோட்டார்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் ஒட்டியிருந்ததை முழுக்கப் படித்தான், அனுப்பியவர் விலாசம், எடை, "கவனமாகக் கையாளவும்" உட்பட. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ரோண்டா, இது இன்னும் வரல."

"என்னது வரல?"

"மோட்டார்."

"உன் மடியில இருக்கறது என்ன, கேக்கா?"

"வரலன்னு சொல்றேன்ல, தாயே."

எனக்கென்ன வந்தது. அவன் வண்டி, அவன் மனைவி. பேசாமல் ஓட்டினேன். வெர்னா கேட்டபோதெல்லாம் அவன், "நாளைக்கு வந்துரும்" என்றான். அவள் கேட்பதும் வரவரக் குறைந்தது. அதைக் கவனித்தது நான் மட்டுமல்ல, அவனும்தான். அவன் நடையே மாறியிருந்தது.

பிப்ரவரியில் மழை பெய்தது. இங்கே மழை என்பது யாரும் ஏற்பாடு செய்து வைக்காத விஷயம். ஆர்லன் வெளியே நனைந்துகொண்டு பந்தல் துணியோடு மல்லாடிக்கொண்டிருந்தான். அவன் கேட்கவில்லை, வெர்னாவாகவேதான் அவனுடைய மழைக்கோட்டை எடுக்க வண்டியின் அடிப்பெட்டியைத் திறந்தாள். பாலைவனத்தில் மழைக்கோட்டை யாரும் தொடவே மாட்டார்கள் என்று நினைத்து, மோட்டார்ப் பெட்டியை அவன் அந்தக் கோட்டில்தான் சுருட்டி வைத்திருந்தான். நனைந்துவிடப் போகிறானே என்று போனவள் கையில் அது கிடைத்தது.

கோட்டை அவன் தோளில் போட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என் வண்டிக்கு வந்தாள், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

"மழை விட்டதும் மாட்டிக் கொடு."

"சரி."

"உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அவமானமாக இருந்தது, அதனால் ஆர்லன்மேல் கோபமும் வந்தது.

மறுநாள் காலை நான் வண்டிக்கு அடியில் படுத்தபோது நாற்காலிகள் வந்து சேர்ந்துவிட்டன. இங்கே யார் எதைக் கழற்றினாலும் சுற்றி உட்கார்ந்து யோசனை சொல்ல ஆண்கள் வந்துவிடுவார்கள். கனடாக்காரர் ஒருவர், "கம்பி நிறத்தைப் பாத்து மாட்டும்மா" என்றார். "வந்து மாட்டறியா?" என்றேன். பழைய மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதைத் தூக்கிப் பிடித்தேன். ஆர்லனுடைய செருப்பு பக்கத்தில் வந்து நின்றது. பிறகு முழங்கால்கள், பிறகு முகம்.

"ரோண்டா, அளவு சரியில்லன்னு சொல்லிரேன்" என்று கிசுகிசுத்தான்.

"கச்சிதமா இருக்கு."

"ஓட்டை ஒத்து வரலன்னு. வேற வரவழைக்கணும்னு."

"பிள்ளைங்க போற பஸ்ஸையே பாத்தவ நான், ஆர்லன். சரியா இருந்தா சரியா இருக்குன்னுதான் சொல்லுவேன்."

"இன்னும் ஒரு வாரம்தானே கேக்கறேன்."

"ஒரு வாரத்துல என்ன மாறிடும்?"

"அன்னிக்கு அவ சிரிச்சா" என்றான்.

அந்தச் சிரிப்பை நானும் கேட்டிருந்தேன். பாவமாகத்தான் இருந்தது. போல்ட்டை இறுக்கினேன், கம்பிகளை மாட்டினேன், வெளியே ஊர்ந்து வந்து மணலைத் தட்டிக்கொண்டேன்.

"முடிஞ்சுது வெர்னா" என்று கத்தினேன்.

ஆர்லன் எழுந்து தன் இடத்துக்குப் போனான். ஆனால் வழக்கமாக நிற்கிற இடத்துக்கு இல்லை. சுவருக்கு எதிரிலேயே, மூக்கு உரசுகிற மாதிரி நின்றான்.

"இடம் இருக்கா?" என்றது வெர்னாவின் குரல்.

அவன் பேசவில்லை.

ரோட்டோரத்துப் பலகை ஒன்றையும் விடாதவன், பீர் டப்பாவைக்கூடச் சும்மா விடாதவன், வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். நான் குரல் கொடுத்திருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் குறுக்கே ஒரு மனிதன் நிற்கும்போது இடம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

"ஆர்லன், இடம் இருக்கா?"

பொத்தானை அவள் அழுத்தவில்லை. எவ்வளவு கோபம் இருந்தாலும் அவன் சொல்லாமல் அழுத்த மாட்டாள். அவனுக்கும் அது தெரியும். நாள் முழுக்க அவன் அப்படியே நின்றிருந்தால் அவளும் விரலோடு அப்படியே நின்றிருப்பாள்.

"ஆர்லன்." மூன்றாவது தடவை அவள் கத்தவில்லை. அந்த மெல்லிய சுவருக்கு அந்தப்புறம், அவன் முகத்துக்கு நேரே வந்து நின்று கேட்ட மாதிரி இருந்தது. "சொல்லு."

அவன் பின்னால் நகர்ந்தான். ஓர் அடி, இன்னோர் அடி, மழையில் ஊறிய மணலில் செருப்பு புதையப் புதைய.

"இருக்கு" என்றான். "இடம் நிறைய இருக்கு. வா."

மோட்டார் நன்றாகவே ஓடியது. சுவர் அவனை நோக்கி வந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கினான். "வா, வா" என்று சொல்லிக்கொண்டே போனான், யாருக்கும் கேட்காத குரலில். கடைசி வரை வந்து டொக்கென்று நின்றது. ஆர்லன் முன்னால் போய்க் கையை உயர்த்தி இரண்டு தட்டு தட்டினான்.

பதில் தட்டு வரவில்லை. காதைச் சுவரோடு வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சத்தம் வந்தது. வெர்னா சோபாவை இழுத்துப் படுக்கையாக விரித்துக்கொண்டிருந்தாள்.